லேபிள் உதிர்ந்த டப்பாக்கள்
மண்ணும் சூளையும்: வாசகர் கேள்வி பதில்

கே: என் மாமனார் நடத்திய பீங்கான் பட்டறை 20 வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடந்தது. இப்போது திறந்து பார்த்தால், கிளேஸ் (பாத்திரத்தின் மேல் கண்ணாடி போல உருகும் பூச்சு) போட அவர் வைத்திருந்த பொடிகள் 23 டப்பாக்களில் அப்படியே இருக்கின்றன. லேபிள்களை ராமபாணப்பூச்சி தின்றுவிட்டது. வெள்ளை 14, கறுப்பு 4, சிவப்பும் மஞ்சளுமாக 5. எது என்னவென்று கண்டுபிடித்துப் பயன்படுத்த முடியுமா?
ஒரு வாசகி, விருத்தாசலம்

ப: பெரும்பாலும் முடியும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். ‘இது என்ன பொடி’ என்று அடித்துச் சொல்ல ஆய்வகம் வேண்டும். நகைத் தராசும் வினிகரும் வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லக்கூடியது, ‘இது இன்னதாக இருக்க வாய்ப்பில்லை’ என்பதைத்தான். விஷத்தைத் தனியே ஒதுக்கி வைக்க அது போதும்.

முதல் நாள் சோதனை எதுவும் வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள். துடைப்பத்தைத் தொடாதீர்கள். என்95 முகமூடியும் கையுறையும் போட்டு, டப்பாக்களை வெளியே ஈரத்துணியால் துடைத்து, 1 முதல் 23 வரை பெயின்டால் எண் எழுதுங்கள். எந்த டப்பா எந்தத் தட்டில், எதன் பக்கத்தில் இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். மூட்டைக் கணக்கில் செலவாகும் பொருள் தரையோரம் பெரிய டின்னில் இருக்கும். காசு அதிகமான ஆக்சைடு மேல்தட்டில் சின்ன டப்பாவில் இருக்கும். மாமனாரின் பழைய பில்களும் கிளேஸ் சூத்திரம் எழுதிய நோட்டும் கிடைத்தால், கீழே சொல்லப்போகும் எல்லாச் சோதனையையும்விட அவை மேல். சூத்திரத்தில் ரெட் லெட், லிதார்ஜ் (இரண்டும் ஈய ஆக்சைடு) என்று ஒரு வரி இருந்தாலே, அந்த அறையில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

பொடியைத் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். ஈய உப்பு சில இனிக்கவும் செய்யும்.

இரண்டாம் நாள், கரைகிறதா என்று பாருங்கள். ஒரு டீஸ்பூன் பொடியை அரை டம்ளர் வெந்நீரில் போட்டுக் கலக்குங்கள். (டம்ளர், ஸ்பூன் எதுவும் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது.) வெள்ளைப் பொடி முழுக்கக் கரைந்தால் வெண்காரமாகவோ சலவைச் சோடாவாகவோ இருக்கலாம். நீர் ஆரஞ்சு நிறமாகத் தெளிவாக மாறினால் பொட்டாசியம் டைக்ரோமேட்டாக இருக்கக்கூடும். அது புற்றுநோய் தரும் குரோமியம் உப்பு. மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கரையாத பொடிகளுக்கு ஒரே சோதனைதான் வேண்டுமென்றால் நான் சொல்வது அடர்த்திச் சோதனை. 100 மி.லி. மெஷரிங் சிலிண்டரில் சரியாக 60 மி.லி. தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டுச் சேருங்கள். காய்ந்த பொடி 50 கிராம் நிறுத்து, காகிதப் புனல் வழியாக மெல்லக் கொட்டுங்கள். கம்பியால் கிளறி, சிலிண்டரைத் தட்டி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

18 முதல் 20 மி.லி. ஏறினால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், வைட்டிங் (கால்சியம் கார்பனேட்), சைனா களி, டால்க் வகையறா. டோலமைட் அதைவிட ஒரு மி.லி. குறைவாகக் காட்டும். 14 வந்தால் ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டாக இருக்கலாம். 11 முதல் 13 வரை என்றால் ஜிர்கான், டைட்டானியம் டையாக்சைடு, பேரியம் கார்பனேட் ஆகிய மூன்றில் ஒன்று என்று சந்தேகப்படுங்கள். மூன்றாவது எலி பாஷாணமாகவே விற்கப்பட்ட பொருள். 9 என்றால் ஜிங்க் ஆக்சைடு. 7, 7.5 என்றால் விலை உயர்ந்த டின் ஆக்சைடாகவும் இருக்கலாம், வெள்ளை ஈயமாகவும் (ஈய கார்பனேட்) இருக்கலாம். 6-க்குக் கீழே நின்றுவிட்டால் ஈய ஆக்சைடு என்றே முடிவு செய்யுங்கள். அரை டம்ளர் ரெட் லெட்டைக் கையில் தூக்கினாலே தெரியும், பொடி போலவே இருக்காது, இரும்புக் குண்டு போல இருக்கும்.

கணக்கு தவறுவது மூன்று இடங்களில். பொடிக்குள் காற்று சிக்கினால் மட்டம் அதிகமாகக் காட்டும், கனமான பொடி லேசானது போலத் தெரியும். இது ஆபத்தான பக்கத்துத் தவறு, அதனால்தான் அந்தச் சொட்டுத் திரவமும் ஒரு மணி நேரக் காத்திருப்பும். பழைய பொடி ஈரம் இழுத்திருந்தாலும் இதே கதை. அகன்ற தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி, காற்றில்லாத இடத்தில் ஒரு நாள் வெயில் காட்டியபின் நிறுங்கள். மூன்றாவது, டப்பாவில் இருப்பது தனிப்பொருளாக இல்லாமல், கலந்து வைத்த கிளேஸாகவோ உருக்கி அரைத்த ஃப்ரிட்டாகவோ இருக்கலாம். ஈயம் கலந்த கிளேஸ் 15, 16 என்று காட்டி, ‘கொஞ்சம் கனமான ஏதோ’ போல நடிக்கும். மேலே சொன்ன எந்த எண்ணிலும் உட்காராத வெள்ளைப் பொடி இருந்தால் அதைச் சந்தேக வரிசையிலேயே வையுங்கள்.

சோதித்த கலங்கலைச் சிங்கில் ஊற்றாமல், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்துவையுங்கள். அதை என்ன செய்வது என்று கடைசிக் கேள்வியில் வருகிறது.


கே: வெள்ளைப் பொடியில் வினிகர் விட்டேன், நன்றாகப் பொங்கியது. அப்படியானால் அது வைட்டிங்தானே?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: இல்லை. பொங்கினால் அது கார்பனேட், அவ்வளவுதான். வைட்டிங் என்கிற கால்சியம் கார்பனேட்டும் பொங்கும், பேரியம் கார்பனேட்டும் பொங்கும், வெள்ளை ஈயமும் பொங்கும். டோலமைட் மட்டும் குளிர்ந்த வினிகரில் சோம்பலாகப் பொங்கும்.

அடர்த்தி பார்த்தபின்னும் சந்தேகம் இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் பேதியுப்பு உதவும். கால் டீஸ்பூன் பொடியை 30 மி.லி. வினிகரில் போட்டு, பொங்கி அடங்கும்வரை, தேவையானால் இரவு முழுக்க விடுங்கள். மேலே தெளிந்ததை ஃபில்டர் காகிதத்தில் வடித்து, அதில் ஒரு டீஸ்பூன் மட்டும் எடுத்து அரை டம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். இன்னொரு சிறு கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டரிலேயே கரைத்த பேதியுப்பு நீரை வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விடுங்கள். உடனே பால் போலக் கலங்கினால் பேரியம். ஸ்ட்ரான்சியமும் ஈயமும்கூடக் கலங்கச் செய்யும். எதுவானாலும் அந்த டப்பா உங்களுக்கு வேண்டாம். தெளிவாகவே நின்றால் கால்சியம் பக்கம் சாய்கிறது.

நீர்க்கச் செய்வதை விட்டுவிடாதீர்கள். கெட்டியான கரைசலில் கால்சியமும் மெதுவாக ஜிப்சமாகப் படிந்து, நல்ல வைட்டிங்கை விஷம் என்று காட்டும். கிணற்று நீர், போர் தண்ணீரும் ஆகாது. அதில் ஏற்கெனவே சல்ஃபேட் இருந்தால் நீங்கள் பேதியுப்பு விடும் முன்பே கலங்கிவிடும். பக்கத்திலேயே, நிச்சயமாக வைட்டிங் என்று தெரிந்த புதுப் பாக்கெட்டிலிருந்து ஒரு கிண்ணம் இதேபோல் செய்து வைத்துக்கொண்டு இரண்டையும் கறுப்புக் காகிதத்தின் மேல் ஒப்பிடுங்கள். கண் ஏமாறாது.

ஒரு எச்சரிக்கை. கரையாமல் இருந்த பேரியத்தை வினிகர் கரைத்துக் கொடுக்கிறது. விழுங்கினால் வயிற்று அமிலமும் இதையேதான் செய்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் விழுந்து தசை தளர்ந்து, இதயத் துடிப்பு தடுமாறும். சோதனை முடிந்ததும் எல்லாக் கிண்ணங்களிலும் பேதியுப்பைத் தாராளமாகப் போட்டு, கரையாத பேரியம் சல்ஃபேட்டாக மாற்றிவிட்டுக் கேனில் ஊற்றுங்கள்.


கே: லேசான வெள்ளைப் பொடிகள் மட்டும் ஒன்பது டப்பா தேறின. அவற்றுக்குள் எது எது என்று எப்படிப் பிரிப்பது?
ஒரு வாசகர், புதுச்சேரி

ப: ஈரப்படுத்திக் கையுறையோடு உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, நசுக்கினால் வெடிக்காமல் விரிந்தால் சைனா களி. சோப்பு போல வழுக்கினால் டால்க். நெறுநெறுவென்று, உருண்டையே பிடிக்காவிட்டால் குவார்ட்ஸ் அல்லது ஃபெல்ட்ஸ்பார்.

மிச்சத்தைச் சூளை சொல்லும். கிளேஸ் போடாத, ஒருமுறை சுட்ட சிறு கிண்ணத்தை நிறுத்துக் குறித்துவிட்டு, அதில் பொடி 10 கிராம் போட்டு 1000 டிகிரி செல்சியஸ் வரை சுடுங்கள். வைட்டிங் 5.6 கிராமாகிவிடும். டோலமைட் 5.2 அல்லது 5.3. சைனா களி 8.6. டால்க் 9.5. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் ஏறக்குறைய 10-லேயே நிற்கும். கிண்ணம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே எடை பார்த்துவிடுங்கள். வைட்டிங் இப்போது சுட்ட சுண்ணாம்பாகிவிட்டது, காற்றின் ஈரத்தைக் குடித்து மறுநாள் எடை கூடிவிடும்; இரண்டு மூன்று நாளில் தானாகவே உதிர்ந்து மாவாகும். வினிகரில் பொங்கியும் இந்தச் சூட்டில் எடை குறையாத பொடி கையில் வந்தால் சோதனையை அதோடு நிறுத்திவிடுங்கள். பேரியம் கார்பனேட் 1000 டிகிரியில் எளிதில் சிதையாது.

குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் பிரிக்க, இரண்டையும் ஒரு டீஸ்பூன் குவித்து 1230 டிகிரி வரை சுடுங்கள். ஃபெல்ட்ஸ்பார் பால்நிறக் கண்ணாடிக் குமிழாக இறுகும். குவார்ட்ஸ் போட்டது போட்டபடி பொடியாகவே கிடக்கும். ஃபெல்ட்ஸ்பார் பொட்டாஷ் வகையா சோடா வகையா என்று இதில் தெரியாது. 100 கிராம் கிளேஸ் கலந்து ஓடு ஒன்றில் பார்த்த பிறகே பெரிய கலவையில் போடுங்கள்.

டால்க் என்று தேறியதை மட்டும் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். பழைய டால்க் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. வீட்டில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, புது டால்க் விலையும் அதிகமில்லை.


கே: கறுப்புப் பொடிகளில் கோபால்ட் இருந்தால் வீணாக்க மனம் வரவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?
ஒரு வாசகி, விருத்தாசலம்

ப: மனம் வராதது நியாயம்தான், கோபால்ட் விலை அப்படி. பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தைக் காட்டுங்கள். பாய்ந்து ஒட்டினால் கறுப்பு இரும்பு ஆக்சைடு. ஒட்டாததில் ஒரு சிட்டிகை எடுத்து, மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். சீறிக்கொண்டு நுரைத்தால் மாங்கனீஸ் டையாக்சைடாக இருக்கலாம். கோபால்ட், தாமிர ஆக்சைடுகளும் ஓரளவு நுரைக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

தீர்ப்பு சொல்வது நிறம். ஏற்கெனவே நன்றாக வரும் நிறமற்ற கிளேஸ் 100 கிராமுக்கு 1 கிராம் பொடி சேர்த்து, ஓட்டில் பூசி, சாதாரண மின்சூளையில் சுடுங்கள். கரும் நீலம் வந்தால் கோபால்ட், ஐயமே இல்லை. பச்சை அல்லது மயில் நீலம் என்றால் தாமிரம். ஊதா கலந்த பழுப்பு மாங்கனீஸ். வெளிர் தேன் நிறம் இரும்பு. மங்கிய பழுப்புச் சாம்பல் என்றால் நிக்கல், அது வேண்டாம். மாங்கனீஸ் என்று தெரிந்தபின் சூளை சுடும்போது அறையில் நிற்காதீர்கள், அதன் புகை நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

ஆனால் சூளையில் வைக்கும் முன் அடர்த்தி பார்த்தாக வேண்டும். சாம்பல் கலந்த கறுப்பாக, வெளிச்சத்தில் உலோகம் போல மினுங்கி, 50 கிராமுக்கு மட்டம் 7 மி.லி. அளவே ஏறினால் அது கலீனா, அதாவது ஈய சல்ஃபைடு. சுர்மாவாகக் கண்ணில் தீட்டிக்கொண்டதும் இதுதான், குயவர்கள் பளபளப்புக்குத் தடவியதும் இதுதான்.


கே: மண்பானைக்குப் பளபளப்பு வர, கொஞ்சம் செந்தூரப் பொடியைக் களியில் கரைத்துப் பூசிச் சுட்டால் போதும் என்கிறார்கள். எங்கள் சூளை 900 டிகிரி தாண்டாது. பூசலாமா?
ஒரு வாசகர், மானாமதுரை

ப: பளபளப்பு வரும். அதனால்தான் உலகம் முழுக்க நூற்றாண்டுக் கணக்கில் பூசினார்கள்; குறைந்த சூட்டில் ஈயத்தைப் போல எளிதாக உருகி வழவழப்பாகும் பொருள் குறைவு. ஆனால் நீங்கள் சொல்லும் செந்தூரம் ரெட் லெட்தான். அந்தப் பானையில் புளிக்குழம்பு வைத்தால் புளி ஈயத்தை உருவிக்கொண்டு வரும். நாட்டு மருந்துக் கடையில் மிருதார்சிங்கி என்று சொல்லும் மஞ்சள் கட்டியும் ஈய ஆக்சைடே. பெயர் மாறினால் பொருள் மாறாது.

சமையல் பாத்திரம் என்றால் கிளேஸ் இல்லாமலே விடுவது உங்கள் மண்ணுக்கு அழகு. பூஞ்சாடி, விளக்கு போன்றவற்றுக்குப் பளபளப்பு வேண்டுமானால் ஈயமில்லாத போரான் ஃப்ரிட் 85 பங்கு, சைனா களி 15 பங்கு கலந்து, மோர் பதத்தில் கரைத்துப் பூசுங்கள். இதற்குச் சூளை 1000 முதல் 1050 டிகிரி தொட வேண்டும். 900-த்தில் எடுத்தால் சொரசொரப்பாக, சர்க்கரை தூவியது போல நிற்கும். உருகியும் மயிரிழை விரிசல் விட்டால், ஃப்ரிட்டைக் குறைத்து குவார்ட்ஸ் 5 பங்கு சேர்த்துப் பாருங்கள்.


கே: சிவப்பு, மஞ்சள் பொடிகளை எப்படிச் சோதிப்பது?

ப: செங்கல் நிறத்தில் இருந்து, 50 கிராமுக்கு 9.5 முதல் 10 மி.லி. ஏறினால் இரும்பு ஆக்சைடு. கையுறையில் பிடித்த கறை சோப்புக்கும் போகாது. அதைத் தவிர, கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள் எதையும் சோதிக்காமலே ஒதுக்குங்கள். ஈயம், கேட்மியம், செலினியம், ஆன்டிமனி, வனேடியம் எல்லாம் இந்த வண்ணங்களில்தான் வரும். கேட்மியம் நிறமிகளில் அமிலம் விட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷ வாயு வரும், எனவே வினிகர் சோதனையும் வேண்டாம். யுரேனியமும் இந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறது: அமெரிக்காவில் 1936-ல் வந்த ஃபியஸ்டா தட்டுகளின் பிரபலமான ஆரஞ்சுச் சிவப்பு யுரேனியம் ஆக்சைடில் பிறந்தது. 1943-ல் போருக்காக யுரேனியம் நின்றது. 1959-ல் மீண்டும் வந்து 1972 வரை ஓடியது. உங்கள் டப்பாவில் அது இருக்க வாய்ப்பு குறைவு.


கே: தெரியாத பொடி கலந்த கிளேஸைச் சுட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. இனி பாதுகாப்பானதுதானே? வீட்டில் பழைய ஊறுகாய் ஜாடியும் இருக்கிறது, அதையும் எப்படிச் சோதிப்பது?
ஒரு வாசகி, மதுரை

ப: பளபளப்பு உருகியதற்குச் சாட்சி, விஷம் வெளியே வராது என்பதற்கு அல்ல. 1970-ல் மாண்ட்ரியல் மருத்துவர்கள் பதிவு செய்த சம்பவம் இது: ஈயக் கிளேஸ் போட்ட மண் ஜாடியில் வைத்த ஆப்பிள் சாறு குடித்து ஒரு சிறுவன் இறந்தான். ஜாடி பார்க்க நன்றாகவே இருந்திருக்கும்.

ஆய்வகத்தில் செய்வது, 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் நிரப்பி, 22 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, அதில் இறங்கிய ஈயத்தையும் கேட்மியத்தையும் அளப்பது. வீட்டில் எலுமிச்சைத் துண்டை ஓட்டின் மேல் ஓர் இரவு கவிழ்த்து வைக்கலாம். காலையில் அந்த இடம் மங்கியிருந்தால், நிறம் மாறியிருந்தால் அந்தக் கிளேஸ் தோல்வி. மாறாவிட்டால் வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும் ஈயமே போதும்.

பழைய பழுப்பு, பாதி வெள்ளை ஊறுகாய் ஜாடி அதிகச் சூட்டில் சுட்ட கெட்டிப் பீங்கானாக இருந்தால், விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். அதில் ஈயம் இருக்க வாய்ப்பு குறைவு. மந்தமாகத் தட்டுவது, உள்பக்கம் பளிச்சென்ற வண்ணம் பூசியது, கிளேஸ் தேய்ந்தது என்றால் உப்பும் புளிப்பும் அதில் போடாதீர்கள்.

நகைக்கடை காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் எக்ஸ்ரே கருவிதான், ஆனால் தங்கத்துக்கென்று திருத்தப்பட்டது. ஈயம் என்று காட்டினால் நம்புங்கள், காட்டாவிட்டால் நம்பாதீர்கள். முறையான எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ்ரே செலுத்தித் தனிமங்களைக் கண்டறியும்) ஆய்வுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பீங்கான் தொழில்நுட்பத் துறை, கொல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். லித்தியம், போரான் போன்ற லேசான தனிமங்களை எக்ஸ்.ஆர்.எஃப். காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.


கே: துணி முகமூடி போதாதா?

ப: போதாது. நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா (குவார்ட்ஸ்) தூசி கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது, துணி அதைத் தடுக்காது. இந்தத் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. என்95 முகத்தில் ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.


கே: வேண்டாத பொடிகளை என்ன செய்வது? களிமண்ணில் உருட்டிச் சுட்டுச் செங்கல் ஆக்கிவிட்டால் விஷம் அடங்கிவிடும் என்கிறாரே பக்கத்துப் பட்டறைக்காரர்?
ஒரு வாசகி, விருத்தாசலம்

ப: பாதி உண்மை, அதனால் ஆபத்து. ஈயம் சூளையிலேயே ஆவியாகி, சுவரிலும் அலமாரியிலும் படிந்து, அடுத்த மாதம் சுடும் சாப்பாட்டுத் தட்டில் வந்து ஒட்டும். குரோமியம், சுண்ணாம்புச் சத்து உள்ள மண்ணோடு சுட்டால் முன்பைவிடக் கொடிய வடிவத்துக்கே மாறக்கூடும். கிணற்றோரம், தென்னை அடி, சாக்கடை எதுவும் வேண்டாம்.

சந்தேக டப்பாக்களை மூடியோடு இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ‘விஷம், ஈயம் இருக்கலாம், 50 கிராமுக்கு 7 மி.லி.’ என்று நீங்கள் கண்டதை அப்படியே எழுதி ஒட்டுங்கள். சோதனைக் கேனில் அடியில் படிந்ததையும் அதே கணக்கில் சேருங்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளுக்கான பொது மையம் இருக்கிறது. தனி வீட்டிலிருந்து சிறு அளவு எடுப்பார்களா, யார் மூலம் அனுப்புவது என்பதை அலுவலகமே சொல்லும். அதுவரை பூட்டிய அலமாரியில், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். லேபிளை பென்சிலால் எழுதி, மேலே டேப் ஒட்டுங்கள். ராமபாணத்துக்குக் காகிதம் மட்டுமல்ல, பசையும் பிடிக்கும்.